சித்தப்பாவின் இரத்தம் வேண்டாம்

போன மாதம் முகத்துவாரத்தில் ஒரு வீட்டில் சண்டை. பிள்ளைக்குத் தலசீமியா மேஜர், தொடர்ந்து இரத்தம் ஏற்றவேண்டும். "ஊர் பேர் தெரியாதவன்ர இரத்தம் ஏன்? சித்தப்பா குடுக்கட்டும்" என்று அப்பம்மா ஒரே பிடி. தாய் வாய் திறக்கவில்லை. இந்தக் கதையோடு நான் பார்க்கும் மூன்றாவது வீடு இது.

எங்கே ஏற்றுவது என்பதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. பொறளை லேடி றிஜ்வே ஆஸ்பத்திரி கிட்ட. ராகமை ஆஸ்பத்திரிக்கு ரயில் ஏறவேண்டும். இரண்டிலும் காசு இல்லை. அக்கா மகனோடு வருடக்கணக்காக ராகமைக்கு அலைந்தவள் நான், அதனால் அந்தப் பக்கம்தான் சாய்வேன். லேடி றிஜ்வே சிறுவருக்கு மட்டும். பிள்ளை வளர்ந்தபிறகும் ராகமையில் தொடரலாம்.

சித்தப்பா விஷயத்துக்கு வருவோம். நெருங்கிய உறவின் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களைப் பிள்ளையின் உடல் சிலவேளை அந்நியமென்று அடையாளம் காணாது. அவை தங்கிப் பெருகிப் பிள்ளையையே தாக்கும். அரிதுதான், வந்தால் பெரும்பாலும் உயிர் மிஞ்சாது. வெள்ளணுக்களை வடிகட்டினால் மட்டும் போதாது, கதிர்வீச்சு கொடுத்த இரத்தம்தான் காக்கும். நாளைக்கு அண்ணனோ தங்கையோ எலும்பு மச்சை கொடுக்க வாய்ப்பிருந்தால், இன்றே குடும்பத்து இரத்தம் ஏற்றி அதையும் கெடுக்கலாம்: பிள்ளையின் உடல் அதை எதிர்க்கப் பழகிவிடும். சித்தப்பாவே தலசீமியா காவியாகவும் இருக்கலாம், சோதித்தாரா?

"தெரியாதவன்" கொடுத்த இரத்தம் எச்.ஐ.வி, கல்லீரல் அழற்சி பி, சி, சிபிலிஸ், மலேரியா எல்லாம் சோதிக்கப்பட்டே வருகிறது. 2014 முதல் இலங்கையின் இரத்த சேகரிப்பு முழுக்கத் தன்னார்வக் கொடையாளரிடமிருந்துதான். நீங்கள் கேட்கவேண்டியது வேறு: முதல் தடவை ஏற்றுமுன்பே பிள்ளையின் இரத்தத்தில் ஆர்.எச், கெல் வகைகளையும் பார்த்தார்களா? வெள்ளணு நீக்கிய பைதானா?

பிறகு பொறுமை. அடுத்த முறை ஏற்றுமுன் ஹீமோகுளோபின் 9.5க்கும் 10.5க்கும் இடையில் நிற்கவேண்டும். "பிள்ளை விளையாடுதுதானே" என்று நாள் தள்ளக்கூடாது. ஆனால் ஏற்றும் ஒரு பை இரத்தத்தில் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு. உடலுக்கு அதை வெளியேற்ற வழியில்லை. இரும்பு டொனிக் வாங்கிவரும் மாமிமாரை வாசலிலேயே நிறுத்துங்கள். இரும்பு நீக்கும் மருந்தைச் சலிக்காமல் கொடுங்கள்.

சித்தப்பாவுக்கு உண்மையிலேயே கொடுக்க ஆசையென்றால் நாரஹேன்பிட்டி இரத்த நிலையத்துக்குப் போகட்டும். யாருக்கென்று பெயர் சொல்லாமல் கொடுக்கட்டும். நான்கு மாதம் கழித்து மறுபடியும் போகட்டும்.