முதலில் தரைத்தளம்

அன்புள்ள தம்பிக்கு,

வடபழனி மெட்ரோ நிலையத்தைச் சுற்றிக் கலப்புப் பயன்பாட்டு வளர்ச்சி பற்றி நீங்கள் எழுதிய வரைவறிக்கையைப் படித்தேன். எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு), மண்டல விதிகள் எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. அவற்றுக்குள் நான் போகவில்லை. என்னை உறுத்தியதை மட்டும் சொல்கிறேன்.

ஆற்காடு சாலையின் குறுக்குத் தெரு ஒன்றுக்கு மாதிரிக் கட்டடம் வரைந்திருக்கிறீர்கள். மேலே வீடுகள், நடுவில் அலுவலகங்கள். கீழே முழுக்க ஸ்டில்ட்! தூண்களும் கார்களும். மூலையில் மட்டும் ஒரு பெரிய ஷோரூம். இதைக் கலப்புப் பயன்பாடு என்று எப்படி ஒப்புக்கொள்வது? தெருவில் நடக்கிறவருக்கு மூன்றாம் மாடியில் என்ன நடந்தால் என்ன? அவர் கண்ணுக்கும் கைக்கும் எட்டுவது தரைத்தளம் ஒன்றுதான்.

ஸ்டில்ட் என்றாலே எனக்குக் கோபம் வருவது நம் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். வண்டி நிறுத்தும் அந்தத் தளம் எஃப்.எஸ்.ஐ. கணக்கில் சேராது, அதே இடத்தில் பத்துக்குப் பத்தில் ஒரு கடை வைத்தால் சேரும். பில்டர் எதைத் தேர்ந்தெடுப்பார்? தமிழ்நாட்டின் 2019 பொதுக் கட்டட விதிகள் சாதாரணக் கட்டடத்துக்கு 2, உயர்மாடிக்கு 3.25 என்று எஃப்.எஸ்.ஐ. தருகின்றன. 18 மீட்டருக்குக் குறையாத சாலையென்றால் பிரீமியம் கட்டி இன்னும் 50 விழுக்காடு வரை வாங்கலாம். இத்தனையும் உயரத்துக்கே போகிறது. சாலிகிராமத்தில் தனி வீடுகளை இடித்துக் கட்டிய அடுக்ககங்களைப் பாருங்கள். இரும்பு கேட், காவலாளி நாற்காலி, மறுபடி இரும்பு கேட். பால் பாக்கெட் வாங்க வண்டியை எடுக்க வேண்டியிருக்கிறது.

எண்பதுகளின் கடைசியில் நிலப்பயன்பாட்டு சர்வேக்காக இதே தெருக்களில் கலர் பென்சிலோடு அலைந்திருக்கிறேன். ஒரு மனைக்கு ஒரு நிறம்தான்: வீடு மஞ்சள், கடை நீலம். ஒரு வீட்டில் முன்னறை முழுக்க ஜரிகைத் துணி. சினிமாவுக்கு ராஜா வேஷ உடை தைக்கும் டெய்லர் இரண்டு மிஷின் போட்டிருந்தார். பின்கட்டில் அவர் குடும்பம். மாடியில் துணை நடிகர்கள் குடியிருந்தார்கள். பக்கவாட்டுச் சந்தில் அவர் மைத்துனர் டீக்கடை. எங்களுக்குக் கொடுத்த விதிப்படி அந்த மனை மஞ்சள். சர்வே முடிந்த பிறகும் டீ குடிக்கிற சாக்கில் அங்கே போவேன். ராத்திரி பத்து மணிக்கும் அந்தத் தெருவில் பெண்கள் பயமில்லாமல் நடந்து போனார்கள், கடை விளக்குகள் எரிந்துகொண்டிருந்ததால். இதே வடபழனியில் இருந்த வாகினி சினிமா ஸ்டுடியோ நிலத்தில் இன்று ஆஸ்பத்திரியும் மாலும் நிற்கின்றன. அந்த மாலைத்தான் நீங்கள் முன்னுதாரணமாகக் காட்டுகிறீர்கள். அடுத்த தெருவில் வீட்டு மாடிகளில் இயங்கும் டப்பிங், எடிட்டிங் அறைகளைப் பற்றி ஒரு வரி இல்லை.

இன்னொன்று. இஸ்திரி வண்டிகளையும் தள்ளுவண்டிகளையும் ‘ஆக்கிரமிப்பு’ என்ற தலைப்பில் சேர்த்திருக்கிறீர்கள். 2014-லேயே தெருவோர வியாபாரிகளுக்கென்று மத்தியச் சட்டம் வந்துவிட்டது. அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள்.

இவ்வளவு திட்டிவிட்டு இதையும் சொல்லியாக வேண்டும். பின்னிணைப்பில் கோயில் பக்கத்துத் தெரு ஒன்றை எடுத்து, காலை ஐந்திலிருந்து நள்ளிரவு வரை எந்தக் கடை எப்போது திறக்கிறது, வாசலில் யார் நிற்கிறார்கள் என்று மணிக்கு மணி குறித்திருக்கிறீர்களே, அது அபாரமான வேலை! பூக்கடை மூடும் நேரத்தில் அதே திண்ணையில் இட்லிக்கடை தொடங்குவதை எந்தத் திட்ட ஆவணத்திலும் நான் பார்த்ததில்லை. என் காலத்தில் எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. அறிக்கை முழுவதையும் இந்த அட்டவணையிலிருந்து தொடங்கி எழுதியிருக்க வேண்டும்.

சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டத்தின் காலம் 2026-ஓடு முடிகிறது. அடுத்தது 2046 வரைக்குமானது. அதன் வரைவு மக்கள் கருத்துக்கு வரும்போது அந்த அட்டவணையை இணைத்து, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கு (சி.எம்.டி.ஏ.) ஒரு மனு கொடுங்கள். தெருவைப் பார்த்த சின்னக் கடைகளுக்கு, ஸ்டில்டுக்குத் தருகிற அதே எஃப்.எஸ்.ஐ. விலக்கைக் கேளுங்கள். மெட்ரோ வாசலில் கட்டாய பார்க்கிங்கைக் குறைக்கச் சொல்லுங்கள். மனுவில் என் கையெழுத்தும் வேண்டுமென்றால் அனுப்பி வையுங்கள், போடுகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற நகரமைப்பாளன்