பிளேஸ்மென்ட் தொடங்கியதும் படிப்பை விட்டுவிடத் தோன்றுகிறதா?

ஒன்ராறியோ மாகாணக் கல்லூரிகளில் சமூக சேவைப் பணியாளர் டிப்ளோமா பொதுவாக நான்கு செமஸ்டர், இரண்டு ஆண்டுப் படிப்பு. ரொறன்ரோ, ஸ்காபரோ பகுதிகளிலிருந்து என்னிடம் ஆலோசனைக்கு வரும் தமிழ் மாணவர்களில் பலர், பிள்ளைகளை வளர்த்துவிட்டு மறுபடி புத்தகத்தைக் கையில் எடுத்தவர்கள். முதல் செமஸ்டரில் நல்ல மதிப்பெண் வாங்கியவரே, பிளேஸ்மென்ட் (நிறுவனம் ஒன்றில் மேற்பார்வையின் கீழ் செய்யும் பயிற்சிப் பணி) தொடங்கிய சில வாரங்களில், "இது எனக்குச் சரிப்பட்டு வராது, விட்டுவிடட்டுமா?" என்று கேட்கிறார். அவசரப்பட்டு முடிவெடுக்காதீர்கள். இந்தத் தளர்ச்சிக்குக் காரணங்கள் உண்டு, பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவை.

முதற்காரணம் வேலையின் தன்மை. வகுப்பில் வறுமையைப் பற்றிப் படிப்பது வேறு. வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீசோடு எதிரே உட்கார்ந்திருக்கும் தாயிடம், ஷெல்டரில் (தற்காலிகத் தங்குமிடம்) இன்று இடமில்லை என்று சொல்வது வேறு. ஒரே நாளில் பலருடைய கதையைக் கேட்டுவிட்டு, பஸ் பிடித்து வீடு வந்து, சமைத்து வைத்துவிட்டு இரவு வேலைக்கும் போகிறவர்கள் இருக்கிறார்கள். இலங்கைப் போரைக் கடந்து வந்தவர்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. அகதி ஒருவர் தன் கதையைச் சொல்லும்போது கேட்பவரின் சொந்த நினைவுகளும் கிளறப்படுகின்றன. இதைச் செகண்டரி ட்ராமா (பிறர் துயரைத் தொடர்ந்து கேட்பதால் கேட்பவருக்கு உண்டாகும் உளக்காயம்) என்பார்கள். மனத்திடம் உள்ளவர்களுக்கும் இது வரும்.

போதாததற்கு, ரிஃப்ளெக்டிவ் ஜர்னல் (தன் அனுபவத்தையும் அதில் எழுந்த உணர்வையும் ஆராய்ந்து எழுதும் குறிப்பேடு) எழுதச் சொல்வார்கள். நம் பள்ளிகளில் 'நான் என்ன நினைத்தேன்' என்று எழுதிப் பழகியவர்கள் குறைவு. பாடத்தை ஒப்பிப்பதுபோல் எழுதி, மதிப்பெண் குறைந்ததும், தன் ஆங்கிலம் போதவில்லை என்று தவறாக எண்ணிக்கொள்கிறார்கள்.

அறிகுறிகளைக் கவனியுங்கள். பிளேஸ்மென்ட்டுக்கு முந்தின இரவு தூக்கம் வராது. ஒருவர் சொன்ன சம்பவம் குளிக்கும்போதும் சமைக்கும்போதும் திரும்பத் திரும்ப நினைவுக்கு வரும். பிள்ளைகள்மேல் எரிந்து விழுவீர்கள். சிலருக்கு நேர்மாறாக, எதைக் கேட்டாலும் மனம் மரத்துப்போயிருக்கும். எளிதில் கண்ணில் படாத அறிகுறி, கேஸ் நோட் (சந்திப்புக் குறிப்பு) எழுதுவதைத் தள்ளிப்போடுவது. மூன்று நாள் குறிப்பு பாக்கி என்றால் அதைச் சோம்பல் என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. அந்தக் கதையை மறுபடி தொட மனம் மறுக்கிறது. தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் குடும்ப மருத்துவரைப் பாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம். கனடாவில் 988 என்ற எண்ணுக்கு 24 மணி நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம்.

தீர்வு சூப்பர்விஷனில் (களப் பயிற்றுநருடன் தனியே உட்கார்ந்து பேசும் நேரம்) தொடங்குகிறது. பல மாணவர்கள் அதைப் பரீட்சையாக நினைத்து, "எல்லாம் நல்லாப் போகுது" என்று சொல்லி எழுந்துவிடுகிறார்கள். கேள்வியோடு போங்கள். "அந்த அம்மா அழுதபோது எனக்குக் கை கால் ஓடவில்லை, பேச்சை மாற்றிவிட்டேன். வேறு என்ன செய்திருக்கலாம்?" இப்படிக் கேட்பவரைப் பற்றி எந்தப் பயிற்றுநரும் கவலைப்பட மாட்டார். அவர் நேரம் ஒதுக்காவிட்டால் கல்லூரியின் பிளேஸ்மென்ட் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லுங்கள். அது கோள் சொல்வதாகாது.

குறிப்பை அன்றன்றே எழுதுங்கள். கண்டதையும் கேட்டதையும் எழுதுங்கள், தீர்ப்பு வேண்டாம். 'கோபக்காரர், மனநோய் இருக்கும்போல' என்பது குறிப்பாகாது. 'பிற்பகல் 2.10க்கு வந்தார். இரண்டு மாத வாடகை பாக்கி என்றார். வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னபோது குரலை உயர்த்தினார். சற்று நேரத்தில் தணிந்தார். உதவி விண்ணப்பத்தைச் சேர்ந்து நிரப்பினோம்.' இவ்வளவு போதும். ஒன்ராறியோ விதிமுறையும் இதைத்தான் எதிர்பார்க்கிறது: சமூகப் பணியாளர் (சோஷல் வொர்க்கர்) என்ற தனித் தொழிலின் பணி எல்லையில் நோயறிதல் உண்டு, சமூக சேவைப் பணியாளரின் எல்லையில் இல்லை. குறிப்பை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களுக்குத் தூக்கமும் மெல்லச் சீராகிறது.

தமிழர் நிறைந்த வட்டாரத்தில் பயிற்சி பெறுபவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல்: உதவி கேட்டு வந்தவரை மறுநாள் மரக்கறிக் கடையிலோ கோயிலிலோ பார்க்க நேரும். முதல் சந்திப்பிலேயே, "வெளியில் பார்த்தால் நானாகப் பேச மாட்டேன், நீங்கள் பேசினால் பேசுவேன்" என்று சொல்லிவிடுங்கள். வந்தவர் சொந்தக்காரரோ பழக்கமானவரோ என்றால் பயிற்றுநரிடம் சொல்லி வேறொருவரிடம் மாற்றிவிடுங்கள். சொந்தத் தொலைபேசி எண்ணைத் தராதீர்கள். தமிழ் தெரியும் என்பதற்காகத் திடீரென்று மொழிபெயர்க்கக் கூப்பிட்டால், அது உங்கள் பயிற்சியில் அடங்குமா என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் தாமதம் கூடாது. 16 வயதுக்குட்பட்ட பிள்ளை துன்புறுத்தப்படுகிறது என்ற நியாயமான சந்தேகம் எழுந்தால், சில்ட்ரன்ஸ் எய்ட் சொசைட்டிக்கு (சிறுவர் பாதுகாப்புச் சங்கம்) அறிவிக்கும் கடமை சந்தேகப்பட்டவருக்கே உரியது. பயிற்றுநரிடம் சொல்லிவிட்டேன் என்பது சட்டத்துக்குப் போதாது. அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களே அழையுங்கள்.

குறுக்குவழிகள் பல காதில் விழும். தெரிந்தவரின் தூக்க மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். ஜர்னலைக் காசு கொடுத்தோ செயற்கை நுண்ணறிவைக் கொண்டோ எழுதி வாங்காதீர்கள். உங்கள் மனத்தில் நடப்பதைப் பயிற்றுநர் அறிய அந்த ஏடு முக்கியமான வழி. செய்யாத மணிகளைச் செய்ததாக எழுதிக் கையெழுத்து வாங்குவது எல்லாவற்றிலும் ஆபத்தானது. 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, சமூக சேவைப் பணியாளர் என்ற பட்டப்பெயரைப் பயன்படுத்த மாகாண ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு வேண்டும். அங்கே உங்கள் நடத்தையைப் பற்றியும் கேட்பார்கள். சீக்கிரம் முடியும் என்று, ஏறத்தாழ இதே பெயரில் தனியார் நிறுவனங்கள் நடத்தும் குறுகிய படிப்புக்கு மாற நினைத்தால், அது பதிவுக்கு ஏற்கப்படுமா என்று அந்த அமைப்பிடமே முதலில் கேளுங்கள்.

சுமையைக் குறைத்தே ஆகவேண்டும் என்றால் முழுப் படிப்பையும் விடத் தேவையில்லை. ஒரு பாடத்தைத் தள்ளிவைக்கலாம். அதற்கு முன் ஓசாப் (மாகாண மாணவர் நிதியுதவி) கணக்கைப் பாருங்கள். முழுநேர உதவிக்கு முழுப் பாடச்சுமையில் குறைந்தது 60 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். நிரந்தர அல்லது நீடித்த இயலாமை உள்ளவர்களுக்கு 40. அதற்குக் கீழே போனால் உதவித்தொகை குறையலாம், நிற்கவும் கூடும். மதிப்பெண் பாதிக்காமல் பாடத்தைக் கைவிடும் கடைசித் தேதி கல்லூரி நாட்காட்டியில் இருக்கும். அந்தத் தேதிக்கு முன்னால் நிதியுதவி அலுவலகத்துக்கு நேரில் போய், இந்தப் பாடத்தை விட்டால் என் தொகை எவ்வளவு மாறும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.