பார்த்தீனியத்தை வளவிலிருந்து ஒழிப்பது எப்படி? தீவகத்தாருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு ஆகியவற்றுக்குப் யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் வழியாக லொறி வரும். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானில் சாமான் படகேற வேண்டும். கல், மணல், மாட்டெரு, வைக்கோல், நாற்றுப் பைகள், ஆடு, மாடு எல்லாம் முக்கியமாக இந்த இரண்டு வழிகளால்தான் தீவகத்துக்குள் வருகின்றன. பார்த்தீனியத்தின் விதையும் பெரும்பாலும் இவற்றோடுதான் வரும். வரும் வழி இவ்வளவு குறுகலாக இருப்பது தீவகத்தாருக்கு வாய்த்த நல்ல காலம். வலிகாமத்துத் தோட்டக்காரருக்கு நாலு பக்கமும் காவல் வேண்டும். நெடுந்தீவாருக்கு இறங்குதுறையையும் தம் படலையையும் பார்த்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இந்தக் களை வந்த கதை

மெக்சிக்கோ வளைகுடாவைச் சுற்றிய நிலங்களே பார்த்தீனியத்தின் தாயகம். சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த செடி. 1950களின் நடுப்பகுதியில் இந்தியாவின் புனேப் பகுதியில் பரவத் தொடங்கியது. அமெரிக்காவிலிருந்து இறக்கிய கோதுமையோடு விதை வந்ததாகச் சொல்வார்கள். இலங்கையில் 1999இல் வவுனியாவில் இனங்காணப்பட்டது. 1987 முதல் 1990 வரை இங்கே நின்ற இந்திய அமைதிப்படை இறைச்சிக்காகக் கொண்டுவந்த ஆடுகளோடு வந்தது என்பதே வடக்கில் பரவலாக நம்பப்படும் கதை. ஆட்டின் வழியாக வந்ததோ இல்லையோ, யாழ்ப்பாணத்தின் வீதியோரங்களையும் தோட்டங்களையும் அது பிடித்துக்கொண்டது மட்டும் கண்கூடு.

வடமாகாண சபை இயங்கிய ஆண்டுகளில் அதன் விவசாய அமைச்சு பார்த்தீனிய ஒழிப்பை ஓர் இயக்கமாகவே நடத்தியது. பிடுங்கிய செடியை விலை கொடுத்து வாங்கவும் செய்தது. நோக்கம் நல்லது. ஆனால் நிறைக்குக் காசு என்றால் செடி பெரிதாக வளரும்வரை பொறுத்திருக்கத் தோன்றும். வளர்ந்த செடி பூத்த செடி. அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனால் வழியெல்லாம் விதை கொட்டும். இந்தக் களையைப் பொறுத்தவரை எத்தனை கிலோ பிடுங்கினோம் என்ற கணக்கைவிட எந்தப் பருவத்தில் பிடுங்கினோம் என்பதே முக்கியம்.

படி 1: செடியை அடையாளம் காணுங்கள்

இரண்டு பருவங்களிலும் அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இளம் பருவத்தில் தண்டு எழும்பாது. இலைகள் நடுவிலிருந்து வட்டமாக விரிந்து நிலத்தோடு அப்பிக் கிடக்கும். வெளிறிய பச்சை நிறம், மெல்லிய மயிர், கரட் இலைபோல ஆழமாகப் பிளந்த ஓரங்கள். இந்தப் பருவத்தில் கண்டுபிடிப்பவருக்கு மிச்ச வேலை சுலபம்.

பிறகு நடுவிலிருந்து தண்டு மேலெழும். கையுறையோடு தடவினால் நீளவாக்கில் வரிவரியாகக் கோடுகள் தட்டுப்படும். மேற்பகுதி நன்றாகக் கிளைக்கும். நல்ல ஈரம் இருந்தால் ஓர் ஆளின் நெஞ்சுயரம்கூட வரும். கிளை நுனிகளில் பூக்கள் கொத்துக் கொத்தாகப் பாலேட்டு வெள்ளையில் நிற்கும். ஒவ்வொன்றும் மூக்குத்தி அளவுதான். உற்றுப் பார்த்தால் ஐந்து மூலைகளில் ஐந்து சின்ன இதழ்கள் தெரியும். ஒவ்வொரு மூலையிலும் ஒரு விதை.

புதியவர்கள் ஏமாறுவது நாற்றுப் பருவத்தில்தான். கரட்டின் இலைக்காம்பு நீண்டு நிமிர்ந்து நிற்கும், நிலத்தோடு படுக்காது. மூக்குத்திப் பூண்டு தரையில் படர்ந்தாலும் அதன் இலை இப்படிச் சீப்புப் பல்லாகப் பிளந்திருக்காது. நீண்ட காம்பின் நுனியில் ஒற்றைப் பூ, நடுவில் மஞ்சள். அது வெட்டுக்காயத்துக்கு உதவும் செடி, சந்தேகத்தில் அதைப் பிடுங்கி எறியாதீர்கள்.

படி 2: தேட வேண்டிய இடங்கள்

வளவு முழுவதையும் தடவத் தேவையில்லை. புதிதாகக் கொட்டிய மண், கிரவல், மணல் குவியலின் ஓரம். எரு இறக்கிய இடம். வைக்கோல் போர் அடி. ஆட்டுக் கொட்டில், மாட்டுப் பட்டி. லொறியோ உழவு இயந்திரமோ நின்று திரும்பிய ஒழுங்கை முடக்கு. கிணற்றடியில் தண்ணீர் ஓடும் வாய்க்கால். யாழ்ப்பாணத்திலிருந்து வாங்கிவந்த பூச்செடிப் பைகளின் மண்.

ஆனியில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழா முடிந்ததும் ஒருமுறை, மாரி தொடங்கிய பிறகு ஒருமுறை, வாகனம் நின்ற இடங்களையும் இறங்குதுறைப் பாதையையும் ஊர்ச் சங்கத்தார் சுற்றிப் பார்த்தால் மிக நல்லது. விதைக்கு இறக்கை இல்லை. சேற்றில், டயரில், செருப்பில், மழைவெள்ளத்தில்தான் அது அதிகம் பயணம் செய்கிறது.

புல்தரை வைத்திருக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வெளிநாட்டிலிருந்து வந்து கட்டும் வீடுகளின் முற்றத்தில் இப்போது புல் பதிப்பதும், அதற்காக வெளிமண் இறக்குவதும் வழமையாகிவிட்டது. புல் வெட்டும் மெஷின் பார்த்தீனியத்தை ஒன்றும் செய்யாது. நிலத்தோடு படுத்த இலைவட்டத்துக்கு மேலே அலகு ஓடிவிடும். தண்டெழுந்த செடியை வெட்டினால் அடியிலிருந்து புதிய கிளைகள் வெடித்து, முன்னையதைவிடக் குட்டையாக நின்று பூக்கும்.

படி 3: மழையோடு கணக்குப் போடுங்கள்

முளைத்து நாலு முதல் ஆறு கிழமைக்குள் இந்தச் செடி பூக்கத் தொடங்கும். பகல் நீளம், பருவம் என்று எதற்கும் காத்திருக்காது. ஒரு செடி பத்தாயிரம் முதல் இருபத்தையாயிரம் விதை வரை தரும். மண்ணில் புதைந்த விதை பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும்.

ஆகவே ஐப்பசியில் முதல் நல்ல மழை விழுந்த நாளைச் சுவரில் தொங்கும் கலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது கிழமை முதல் பிடுங்கல். அதன்பின் மார்கழி கழியும்வரை மூன்று கிழமைக்கு ஒருதரம். சித்திரையில் இடிமழை பெய்தால் அதே கணக்கு மறுபடியும். கோடையில் நிலம் காய்ந்து கிடந்தாலும் கிணற்றடியும் தோட்டப் பாத்தியும் ஈரமாகத்தான் இருக்கும். அங்கே ஓய்வில்லை.

படி 4: உடம்பைக் காத்துக்கொள்ளுங்கள்

இதை ஆரும் அலட்சியம் செய்யக்கூடாது. செடியிலுள்ள பார்த்தெனின் என்ற பொருள் தோலில் பட்டால் சிலருக்குக் கடி, சிவப்பு, கொப்புளம் வரும். பூந்தூள் மூச்சில் போனால் தும்மலும் முட்டும் வரும். முதல் நாள் ஒன்றும் செய்யாததால் பயமில்லை என்று நினைப்பது தவறு. திரும்பத் திரும்பத் தொட்ட பிறகே ஒவ்வாமை தலைகாட்டுவது வழக்கம், வந்தால் லேசில் போகாது.

றப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை, முகக்கவசம். முட்டு வருத்தம் உள்ளவர்களையும் பிள்ளைகளையும் இந்த வேலையில் சேர்க்காதீர்கள். சிரமதானம் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளை வெறுங்கையோடு இறக்கிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வேலை முடிந்ததும் உடுப்பைத் தனியாகத் தோய்த்து, சவர்க்காரம் போட்டுக் குளியுங்கள்.

படி 5: பிடுங்குங்கள்

மழை விட்ட மறுநாள் காலை மிகச் சிறந்த நேரம். ஈரமண்ணில் ஆணிவேர் முழுசாகக் கழன்று வரும். செடியின் கழுத்தை, அதாவது இலைகள் வேரோடு சேரும் இடத்தை, நிலத்துக்குச் சமமாகப் பிடித்து நேராக மேலே இழுங்கள். காய்ந்த நிலமென்றால் கையால் இழுக்க வேண்டாம். தண்டு முறிந்து, கழுத்து உள்ளே தங்கி மறுபடியும் தளிர்க்கும். உழவாரத்தைச் சரித்து இரண்டு அங்குலம் உள்ளே விட்டு வேரோடு வெட்டி எடுங்கள். நெடுந்தீவில் மண்ணுக்கு அடியில் உடனேயே முருகைக்கல் வந்துவிடும். அங்கே மண்வெட்டியைவிடக் கூரான சிறு கம்பி உதவும்.

பூத்த செடியென்றால் முறை வேறு. முதலில் மேற்பகுதியை மெதுவாக வளைத்து ஓர் உரப்பைக்குள் விட்டு, பையோடு சேர்த்துப் பிடித்த பிறகு வேரை இழுங்கள். நிமிர்த்தி உதறாதீர்கள்.

படி 6: பிடுங்கியதை என்ன செய்வது?

பூக்காத செடியை வெயிலில் காயவிட்டுக் கூட்டெருக் குழியில் போடலாம். அது நல்ல தழைப்பசளை.

பூத்ததை எருக்குழிக்குக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள். பையின் வாயைக் கட்டி அப்படியே வெயிலில் உலரவிட்டு, பழைய தார்ப் பீப்பாவுக்குள் போட்டுக் கொளுத்துங்கள். புகை வீட்டுப் பக்கம் போகாத காற்றுப் பார்த்துக் கொளுத்த வேண்டும். வேலணைப் பக்கம் ஆழமான மண் உள்ள இடங்களில் இரண்டு முழக் குழியில் தாழ்க்கலாம். கடலிலோ குளத்திலோ வீசுவது களையை அடுத்த ஊருக்கு அனுப்பும் வேலை.

மருந்தும் உப்பும் வேண்டாம்

களைநாசினி அடித்தால் என்ன என்று கேட்பார்கள். தீவகத்தில் நான் அதை ஆதரிக்க மாட்டேன். எங்கள் கிணற்றுநீர் சுண்ணக்கல்லின் இடுக்குகளில், கடல்நீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கும் மழைத் தண்ணீர். மேலே ஊற்றியது கீழே இறங்க அதிக தூரமில்லை. கிளைபோசேற்றை இலங்கை 2015இல் தடைசெய்தது. பிறகு அந்தத் தடை சில பயிர்களுக்குத் தளர்ந்து, விதிகள் மாறிமாறி வந்திருக்கின்றன. பெரிய காணி, ஆள் கிடையாது என்ற நிலையில் மருந்துதான் வேண்டுமென்றால் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கும் எடுத்துக் கேட்கலாம்.

உப்புக் கரைசல் தெளிக்கும் முறை இந்தியாவிலிருந்து பரவியிருக்கிறது. செடி கருகுவது உண்மை. ஆனால் கோடை வந்தால் கிணறு உவர்க்கிற ஊரில், தோட்ட மண்ணில் கையால் உப்புக் கொட்டுவது என்ன நியாயம்? வீதியோரக் கற்குவியல் ஒன்றுக்கு வேண்டுமானால் சரி, பயிர் நிலத்துக்கு வேண்டவே வேண்டாம்.

வண்டு விட்டால் என்ன என்றும் கேட்கலாம். இந்தியா 1980களில் மெக்சிக்கோவிலிருந்து ஒரு வண்டை இறக்கி இந்தக் களையின் இலையைத் தின்னவிட்டது. ஆரும் டப்பாவில் பிடித்துக் கொண்டுவந்து விடும் சங்கதியல்ல அது.

படி 7: வெறும் நிலத்தை மூடுங்கள்

பிடுங்கிய இடம் வெளித்துக் கிடந்தால் அடுத்த மழைக்கு மண்ணிலுள்ள விதை எல்லாம் முளைக்கும். மரக்கறிப் பாத்திகளுக்கு நடுவே பனையோலையை நாலு விரற்கடை தடிப்பாகப் பரப்புங்கள். தீவகத்தில் காசில்லாமல் கிடைக்கும் மூடாக்கு அது. பயிரில்லாத துண்டில் சணலோ பயறோ நெருக்கமாக விதையுங்கள். வேலியோரத்தில் தகரை தானாக முளைத்தால் விட்டுவிடுங்கள், அது பார்த்தீனியத்தை நெருங்கவிடாமல் அமுக்கும். புல்தரையில் பிடுங்கிய பள்ளத்துக்குப் பக்கத்திலிருந்தே ஒரு பிடி அறுகைப் பெயர்த்து நடுங்கள்.

மேய்ச்சல் நிலத்தில் கூடுதல் கவனம் வேண்டும். நெடுந்தீவு வெளிகளில் மாடும் கட்டாக்காலிக் குதிரையும் புல்லைத் தின்று, பிடிக்காததை விட்டுவைக்கும். பார்த்தீனியம் அந்தப் பிடிக்காத பட்டியலில் இருப்பதால், ஒருமுறை உள்ளே நுழைந்தால் மேய்ச்சலே அதற்கு இடம் துடைத்துக் கொடுக்கும். பசியில் மாடு தின்றால் பால் கசக்கும்.

படி 8: ஆளில்லாத வளவு

புங்குடுதீவிலும் ஊர்காவற்றுறையிலும் பூட்டிக் கிடக்கும் வளவுகள் ஏராளம். சொந்தக்காரர் ரொறன்ரோவில், பாரிஸில், சூரிச்சில். உங்கள் வளவைப் பத்துத் தரம் துப்புரவாக்கினாலும் பக்கத்து வளவில் பத்துச் செடி பூத்தால் வேலை வீண்.

இப்படிச் செய்யலாம். செடியைக் கிட்டப் போய்ப் படமெடுத்து, வளவு எது என்று தெரிகிறமாதிரி இன்னொரு படமும் எடுத்து, உரித்தாளரின் உறவினர் மூலம் வாட்சப்பில் அனுப்புங்கள். உள்ளே போய்ப் பிடுங்க அனுமதியும் ஒரு நாள் கூலியும் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் தருவார்கள், ஊரில் நடப்பது அவர்களுக்குத் தெரியாததுதான் குறை. பதில் இல்லையென்றால் கிராம சேவையாளருக்கும் விவசாயப் போதனாசிரியருக்கும் எழுத்தில் அறிவியுங்கள்.

அனுமதி கிடைத்தால் ஒரே நாளோடு ஒப்பந்தத்தை முடிக்காதீர்கள். மூன்று மாரிக்குச் சேர்த்துப் பேசுங்கள். முதல் மாரியில் சாக்குக் கணக்கில் வரும், இரண்டாவதில் கடகக் கணக்கில் வரும். மூன்றாவதில் கையளவுதான் வந்தாலும் பிடுங்கும் ஆளை வரச்சொல்லி, சுவர் மூலைகளையும் கிணற்றடியையும் பார்க்கவிட்டே கூலியைக் கொடுங்கள்.