விழுப்புரம் கடைத்தெருவை எழுதப்போகும் மகளுக்கு

பனமலை

அன்புள்ள கண்ணு,

கல்லூரியில் ஊர் வரலாறு எழுதச் சொல்லியிருக்கிறார்கள், விழுப்புரத்தில் செஞ்சி மாதிரி கோட்டை இல்லையே, எதை எழுதுவது என்று கேட்டிருந்தாய். கடைத்தெருவை எழுது. நம் பனமலைக் குன்றின்மேல் எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இராஜசிம்ம பல்லவன் தாளகிரீசுவரர் கோயிலைக் கட்டி, தன் வம்சத்தின் பெருமையைக் கல்லில் வெட்டிவைத்தான். மூட்டை தூக்கியவருக்கும் செக்கு ஓட்டியவருக்கும் யாரும் கல்வெட்டு வைக்கவில்லை. அவர்கள் கதையை இனி உன் வயதுப் பிள்ளைகள்தான் எழுத வேண்டும்.

மல்லாட்டையில், அதாவது நிலக்கடலையில், தொடங்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தென்னாற்காட்டு மானாவாரிக் கொல்லைகளில் விளைந்தது புதுச்சேரிக்குப் போய், அங்கிருந்து கப்பலில் பிரான்ஸின் மர்சேய் துறைமுகத்துக்குப் போனது. அங்கே எண்ணெய் ஆட்டினார்கள், சோப்புக் காய்ச்சினார்கள். 1879-இல் விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே ரயில் பாதை திறந்தபோது இந்த ஊருக்கு யோகம் பிறந்தது. பிறகு காட்பாடி, திருச்சி என்று வழிகள் கூடக்கூட, ஸ்டேஷனைச் சுற்றி மண்டிகளும் சாப்பாட்டுக் கடைகளும் லாட்ஜுகளும் முளைத்தன. விழுப்புரத்தை வளர்த்தது ரயில்தான் என்பது என் துணிபு.

திண்டிவனத்தை விட்டுவிடாதே. அங்குள்ள எண்ணெய் வித்துக்கள் ஆராய்ச்சி நிலையம் 1940-இல் டி.எம்.வி. 2 என்ற ரகத்தை வெளியிட்டது. அந்த மூன்று எழுத்தும் திண்டிவனத்தைத்தான் குறிக்கின்றன. குடியாத்தம் கொத்து ரகத்திலிருந்து பொறுக்கி எடுத்தது. படராமல் கொத்தாக நிற்கும், சுமார் 105 நாளில் பறிப்புக்கு வரும். ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் பல பத்தாண்டுகள் விவசாயிகள் அதையே விதைத்தார்கள். நம் பக்கத்து ஊர்ப் பெயர் அனந்தப்பூர்ச் சம்சாரியின் வாயில் புழங்கியது சின்ன விஷயமில்லை.

ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மல்லாட்டை ஏலம் நடக்கும் காலையில் ஒருநாள் போய் நில். வியாபாரி மூட்டைக்குள் கையைவிட்டு ஒரு பிடி அள்ளுவார். காயைக் காதருகே குலுக்கிக் காய்ச்சல் பார்ப்பார். பிறகு நாலைந்தை உடைத்துப் பருப்பு திரண்டிருக்கிறதா, சூம்பியிருக்கிறதா என்று பார்ப்பார். அந்தப் பிடியில்தான் ஒரு குடும்பத்தின் நாலு மாத உழைப்புக்கு விலை. அதை அப்படியே எழுது.

கடைக்காரரிடம் வருஷம் கேட்டால் "எங்க தாத்தா காலம்" என்பார். அதோடு விடாதே. பழைய ரசீது இருந்தால் காட்டச் சொல். முகவரியில் தென்னாற்காடு மாவட்டம் என்று அச்சாகியிருந்தால் பெரும்பாலும் 1993-க்கு முந்தியது. அந்த வருஷம்தான் மாவட்டம் பிரிந்தது. பஸ்ஸில் தந்தை பெரியார் பெயர் எழுதியிருந்த காலமா என்று கேள்; போக்குவரத்துக் கழகங்களிலிருந்து தலைவர்களின் பெயர்களை எடுத்தது 1997-இல். புதுச்சேரிக்கு மீட்டர் கேஜ் சின்ன ரயில் ஓடியது என்றால் 2004-க்கு முன்பு. இப்படி நெருக்கிக் கேட்டால் வருஷம் பிடிபடும். அதன்பிறகு கெஜட்டியரோடு ஒத்துப்பார். பிரான்சிஸ் எழுதிய தென்னாற்காடு கெஜட்டியர் 1906-இல் வந்தது.

இனிச் சொல்வதை ஊரில் பலர் சொல்ல மாட்டார்கள். 1978 ஜூலையில், இதே கடைத்தெருவில் ஒரு தலித் பெண்ணிடம் நடந்த அத்துமீறலில் மூண்ட தகராறு, தலித் மக்கள் வாழும் பெரியகாலனி மீதான தாக்குதலாக மாறியது. குடிசைகள் எரிந்தன. சில நாட்களுக்குள் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். கடைத்தெருவில் உழைத்துப் பிழைத்த மக்கள் அவர்கள். அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. ஆனாலும் ஊர்ப் பெருமை பேசும்போது இது காணாமல் போகிறது. "பழசைக் கிளறாதே" என்று உன்னிடமும் சொல்வார்கள். மண்டிகளின் கதையை எழுதிவிட்டு இதை விட்டால் நீ எழுதியது வரலாறே இல்லை என்பேன். 1987 செப்டம்பரில் வன்னியர் இடஒதுக்கீட்டுக்காக நடந்த சாலை மறியலில் 21 பேர் உயிரிழந்ததையும் சேர்த்துக்கொள். அவர்களுக்கு 2025-இல் விழுப்புரத்தில் மணிமண்டபம் திறந்தார்கள்.

முதலில் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போய் 1978 ஜூலை மாதச் செய்தித்தாள்களைப் படி. படித்தபின் பெரியகாலனிக்குப் போ, தனியாக வேண்டாம், உன் பேராசிரியரையும் கூட்டிக்கொள். போனதும் நோட்டைத் திறக்காதே. என்ன படிக்கிறாய், எதற்கு வந்தாய் என்று சொல்லிவிட்டு உட்கார். பேச விருப்பமில்லை என்றால் கும்பிட்டுவிட்டு வந்துவிடு. பேசினால், நடுவில் குறுக்கிடாமல் கேள். இறந்தவர்களின் பெயரை எழுத வீட்டார் சம்மதித்தால், அவர்களையே ஒருமுறை படித்துப் பார்க்கச் சொல், ஓர் எழுத்தும் தப்பாகிவிடக் கூடாது.

அன்புடன்,
சித்தப்பா