ஸ்ட்ரீம் முடிந்தது, கோப்பு முடியவில்லை



ஜீஸிப் கோப்பை விரிக்கும் நிரலை முதன்முதலில் எழுதுகிறவர் பெரும்பாலும் கோப்பு மொத்தத்தையும் நினைவகத்தில் ஏற்றித்தான் வேலையைத் தொடங்குவார். நாலு எம்பி கோப்புக்கு அது போதும். நாற்பது ஜிபி வந்தால் கணினி படுத்துவிடும்.

ழான்-லூ கையி, மார்க் ஆட்லர் இருவரும் எழுதி 1995இல் வெளியிட்ட ஸீலிப் லைப்ரரியில் இதற்கு வழி உண்டு. உள்ளே வரும் பைட்டுகளுக்கு ஒரு பஃபர், வெளியே போவதற்கு ஒரு பஃபர்; முன்னதை நிரப்பிக்கொண்டும் பின்னதைக் காலி செய்துகொண்டும் இருப்பது நிரலரின் பொறுப்பு. சுருக்கிய தரவில், 'இத்தனை பைட் பின்னால் போய் இவ்வளவை எடு' என்ற குறிப்புகள் நிறைய இருக்கும். அவை 32 கேபிக்கு மேல் பின்னால் போவதில்லை. ஆகவே கோப்பு எத்தனை பெரிதானாலும் சின்ன இடம் போதும்.

சிக்கல் முடிவில்தான். தரவை விரிக்கும் ஸீலிப்பின் இன்ஃப்ளேட் ஃபங்ஷன், சுருக்கிய ஒரு தொடர் முடிந்ததும் 'ஸ்ட்ரீம் முடிந்தது' என்று ஒரு குறியீட்டைத் திருப்பித் தரும். உடனே கோப்பும் முடிந்ததென்று லூப்பை விட்டு வெளியேறும் நிரல்கள் உண்டு. ஆனால் 1996இல் வந்த ஜீஸிப் விதிகள் ஒரே கோப்பில் பல ஸ்ட்ரீம்களை வரிசையாக ஒட்டிவைக்க அனுமதிக்கின்றன. காரணமில்லாமல் யாரும் அப்படிச் செய்வதில்லை. மரபணுத் தரவைத் தாங்கும் பாம் கோப்புகள், நடுவிலிருந்து படிக்க வசதியாக, 64 கேபிக்கு மிகாத துண்டுகளாகச் சுருக்கப்பட்டவை. இணையப் பக்கங்களைச் சேகரிக்கும் காமன் கிரால் ஒவ்வொரு பதிவையும் தனி ஸ்ட்ரீமாகவே வைக்கிறது. அவசரக்கார நிரல் அதில் முதல் பதிவை மட்டும் படித்துவிட்டு, பிழை எதுவும் காட்டாமல் வெற்றி என்று முடிக்கும். கிராஷ் ஆகியிருந்தால்கூடத் தேவலை!

பைத்தானின் ஸீலிப் மாட்யூல், ஒரு ஸ்ட்ரீம் முடிந்தபின் மிஞ்சிய பைட்டுகளை 'அன்யூஸ்ட் டேட்டா' என்ற பெயரில் கையில் கொடுத்துவிடுகிறது. அதில் ஏதேனும் இருந்தால் புதிய விரிப்பானை உருவாக்கி மறுபடி தொடங்க வேண்டும்.

கோப்பின் கடைசி நாலு பைட்டில் விரிந்த அளவு இருக்குமே, அதை நம்பலாமா? அது கடைசி ஸ்ட்ரீமின் அளவு மட்டுமே. அதுவும் 4 ஜிபியைத் தொட்டால் பூஜ்யத்திலிருந்து மறுபடி எண்ணும். ஜீஸிப் கட்டளையே 2022 வரை பெரிய கோப்புகளின் அளவைத் தப்பாகக் காட்டிவந்தது. இன்னொன்று: இந்தச் சுருக்கு முறையில் ஒரு பைட் ஆயிரம் பைட்டுக்குமேல் விரியலாம். முன்பின் தெரியாதவர் அனுப்பும் கோப்பென்றால் வெளியீட்டுக்கு உச்சவரம்பு வை.

இரண்டு சிறு ஜீஸிப் கோப்புகளை 'கேட்' கட்டளையால் ஒட்டி உன் நிரலுக்குக் கொடு. இரண்டும் வருகின்றனவா பார். பிறகு உள்ளீட்டு பஃபரை ஒரே பைட்டாகக் குறைத்து ஓட்டு; விடை மாறக் கூடாது. கடைசியாக, கோப்பின் வாலிலிருந்து பத்து பைட்டை வெட்டிவிட்டுக் கொடு. இந்த முறை பிழை வந்தே ஆக வேண்டும்.