தரைக்கீழ்த் தளத்தில் மழைநீர்

நுழையும் முன்

பெங்களூரில் வாடகைக்குக் குடியிருப்போர் பலர், தரைக்குக் கீழுள்ள தளத்தில் தம் வண்டிகளை நிறுத்துகின்றனர். மழைக்காலத்தில் நீர் முதலில் புகுவதும் இறுதியில் வடிவதும் அவ்விடமே. அங்கு நீரும் சேறும் சேர்ந்தால் எதனை முதலில் செய்ய வேண்டும், எதனைச் செய்யவே கூடாது என்பதை இப்பாடத்தில் அறிவோம்.

நீர் வரும் வழி

பெங்களூர், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த மேட்டு நகரம். இங்குப் பெய்யும் மழைநீர் மூன்று பள்ளத்தாக்குகளின் வழியே வெளியேறுகிறது. முன்னோர் அப்பள்ளங்களில் ஏரிகளை அமைத்து, ஓர் ஏரி நிறைந்தால் மறுகால் நீர் அடுத்த ஏரியைச் சேருமாறு வாய்க்கால்களால் இணைத்தனர். இப்பெருவாய்க்காலைக் கன்னடத்தில் ‘ராஜகாலுவே’ என்பர்.

நகரம் வளர வளரப் பல ஏரிகள் மறைந்தன. கெம்பேகவுடா பேருந்து நிலையம் இருக்குமிடத்தில் முன்பு தர்மாம்புதி ஏரி இருந்தது. கண்டீரவா விளையாட்டரங்கின் இடத்தில் சம்பங்கி ஏரி இருந்தது. ஏரி மறைந்தாலும் பள்ளம் பள்ளமாகவே இருக்கிறது. நீரும் பழைய வழியையே நாடுகிறது.

2022 ஆம் ஆண்டு செப்டம்பர் 4 ஆம் நாள் இரவு பெய்த மழை, ஒரே நாளில் 130 மில்லிமீட்டரைக் கடந்தது. சர்ஜாபூர் சாலை, பெல்லந்தூர்ப் பகுதிகளில் வீடுகளும் வண்டிகளும் நீரில் மூழ்கின; மக்கள் டிராக்டர்களில் ஏறி வெளியேறினர்.

ஒரு கணக்கு: ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் சேரும். முப்பதுக்கு நாற்பது அடி மனையின் பரப்பு ஏறத்தாழ 111 சதுர மீட்டர். 130 மில்லிமீட்டர் மழையில் அம்மனையில் மட்டும் விழும் நீர் 14,000 லிட்டருக்கும் மிகுதி! தெருநீரும் சேர்ந்தால் கீழ்த்தளம் எவ்வாறு தாங்கும்?

முதலில் மின்சாரம்

2025 ஆம் ஆண்டு மே மாதம், பி.டி.எம். லேஅவுட் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் மழைநீர் தேங்கியது. அதனை மோட்டார் கொண்டு வெளியேற்ற முயன்றபோது மின்சாரம் தாக்கி முதியவர் ஒருவரும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனும் உயிரிழந்தனர். அச்சிறுவன் உங்கள் வயதினன். ஆகவே மாணவர்களே, பின்வரும் வரிசையை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

1. கீழ்த்தளத்து நீரில் கால் வைக்காதீர்கள். மிதிவண்டியோ பந்தோ மிதந்தாலும் எடுக்க இறங்காதீர்கள். பெரியவர்களை அழையுங்கள்.

2. முதன்மை மின்விசை உலர்ந்த இடத்தில் இருந்தால் மட்டும் பெரியவர் அதனை அணைக்கலாம். அது நீர் சூழ்ந்த இடத்தில் இருந்தால் எவரும் நெருங்கலாகாது. பெஸ்காம் நிறுவனத்தை 1912 என்னும் எண்ணில் அழைக்க வேண்டும்.

3. நீர் இறைக்கும் பணியை அத்தொழில் அறிந்தவரிடமே ஒப்படைக்க வேண்டும். டீசல் அல்லது பெட்ரோல் இயந்திரத்தை மூடிய தளத்திற்குள் இயக்கக்கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, மணமின்றியே உயிரைப் பறிக்கும்.

4. மூழ்கிய வண்டியை உடனே இயக்கிப் பார்க்கலாகாது. என்ஜினுக்குள் நீர் புகுந்திருந்தால் உட்பாகங்கள் வளைந்துவிடும். முதலில் நிழற்படம் எடுத்துக் காப்பீட்டு நிறுவனத்திற்குத் தெரிவித்து, பின்னர் மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.

பின்னர்ச் சேறு

நீர் வடிந்தபின் சேற்றை ஈரமாக இருக்கும்போதே மண்வெட்டியால் வழித்து எடுப்பது எளிது, காய்ந்தால் இறுகிவிடும். அதனைச் சாக்கடையில் தள்ளினால் அடுத்த மழைக்கு வழி அடைபடும். சேற்றில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். அது தோலிலுள்ள காயத்தின் வழியே உடலில் புகும். எனவே பணி செய்வோர் காலணியும் கையுறையும் அணிந்து, முடிந்ததும் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

வாடகை வீட்டில் குடியிருப்போர் தாமே சுவரை உடைத்து வடிகால் அமைக்க இயலாது. ஆயினும் நீர் எங்கிருந்து புகுந்தது, எவ்வளவு உயரம் நின்றது என்பதைப் படத்துடனும் நாளுடனும் எழுதி, உரிமையாளரிடம் தெரிவிக்கலாம். வாயிலில் சிறு மேடு, மூடி பொருத்திய வடிகால், உயரத்தில் மின்பெட்டி ஆகியவற்றைப் பணிவுடன் கேட்கலாம். வாய்ச்சொல் மறந்துபோகும்; எழுத்து நிற்கும். பொருள் போனால் மீண்டும் ஈட்டலாம். உயிரை ஈட்ட முடியாது.

சொல்லும் பொருளும்

மறுகால் – ஏரி நிறைந்து வழிந்தோடும் நீர்
நாடுதல் – விரும்பிச் செல்லுதல்
நெருங்கலாகாது – அருகில் செல்லக்கூடாது

மொழியை அறிவோம்

தமிழும் கன்னடமும் உடன்பிறந்த மொழிகள். மழை – மளெ, நீர் – நீரு, மண் – மண்ணு. உங்கள் கன்னட நண்பரிடம் கேட்டு, இத்தகைய இணைச்சொற்கள் ஐந்தினை எழுதுக.

பயிற்சி

1. ஏரி மறைந்த இடத்தில் நீர் தேங்குவது ஏன்?
2. நீரை இறைக்கும் முன் மின்சாரத்தை நிறுத்துவது எதற்காக?
3. சேற்றைச் சாக்கடையில் தள்ளக்கூடாது என்பதற்குக் காரணம் தருக.
4. ‘மதிப்பிற்குரிய ஐயா’ அல்லது ‘மதிப்பிற்குரிய அம்மையீர்’ எனத் தொடங்கி, கீழ்த்தளத்தில் நீர் புகுவது குறித்து வீட்டு உரிமையாளருக்குக் கடிதம் வரைக.