காய்ச்சலை மூட்டுவது யார்?

இரவு ஷிப்ட் பஸ் வருவதற்குக் கால் மணி நேரம் இருக்கும்போது, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரகடம் கூட்டு ரோட்டிலோ சுங்குவார்சத்திரத்திலோ ஒரு மெடிக்கல் ஷாப் முன்னால் நின்று பாருங்கள். "அண்ணா, காய்ச்சலுக்கு ஒரு வேளை மாத்திரை குடுங்க, டூட்டிக்குப் போகணும்" என்ற குரல் கேட்கும். கழுத்தில் அடையாள அட்டையோடு நிற்கும் அந்தப் பெண்ணுக்கு வயது இருபதோ இருபத்திரண்டோ இருக்கும். சின்னக் காகித உறையில் நாலைந்து மாத்திரைகள் வரும். காய்ச்சலுக்கு ஒன்று, வலிக்கு ஒன்று, ஆன்டிபயாடிக் ஒன்று. சில கடைகளில் ஸ்டீராய்டும் சேரும். மருத்துவர் சீட்டும் கிடையாது, என்ன மாத்திரை என்ற பெயரும் தெரியாது. லீவு போட்டால் அட்டெண்டன்ஸ் போனஸ் போய்விடும் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். அதற்காக அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்த உறையை வாங்க வைப்பதில் சம்பளக் கணக்கோடு சில நம்பிக்கைகளுக்கும் பங்கு உண்டு. அவை தவறானவை, ஒன்றிரண்டு உயிருக்கே உலை வைப்பவை.

"கிருமி உள்ளே போய்ச் சூட்டைக் கிளப்புகிறது"

மற்ற எல்லாவற்றுக்கும் வேர் இந்த நம்பிக்கைதான். உண்மையில் காய்ச்சலை மூட்டுவது கிருமி அல்ல, நம் உடம்பு. கிருமி வந்ததை உடம்பு கண்டுபிடித்துவிட்டது என்பதற்கான அடையாளம் அது.

எப்படிக் கண்டுபிடிக்கிறது என்ற கேள்விக்கு விடை தந்தவர்களில் ஒருவர் தென்னிந்தியர். திருமலா தேவி கன்னெகண்டி, தெலங்கானாவின் நிலக்கரி ஊரான கொத்தகூடத்தைச் சேர்ந்தவர். சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கத்தின் பெயரைத் தாங்கிய பெண்கள் கல்லூரியில் பட்டம் படித்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். தொடக்கத்தில் அவர் ஆராய்ந்தது செடிகொடிகளைத் தாக்கும் பூஞ்சைகளை. செடிக்கும் நோய் வருகிறது, செடியும் அதைக் கண்டறிகிறது. எப்படி என்ற கேள்வியோடுதான் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போய் விலங்குகளின் செல்களுக்கு மாறினார். 2007 முதல் மெம்பிஸ் நகரத்தின் செயின்ட் ஜூட் குழந்தைகள் ஆராய்ச்சி மருத்துவமனையில் பணிபுரிகிறார்.

நம் செல்களுக்குள்ளே காவல் புரதங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் பெயர் என்எல்ஆர்பி3. பாக்டீரியாவின் ஆர்என்ஏ செல்லுக்குள் வந்தால் இந்தக் காவலாளி விழித்துக்கொள்கிறது என்று 2006-இல் 'நேச்சர்' இதழில் வெளியான கட்டுரையில் கன்னெகண்டியும் அவருடைய சகாக்களும் காட்டினார்கள். விழித்த புரதம் வேறு சில புரதங்களைக் கூட்டிக்கொண்டு ஒரு பொறியாகச் சேர்கிறது. இன்ஃப்ளமசோம் என்று அதற்குப் பெயர். அந்தப் பொறி இன்டர்லூகின்-1 என்ற தகவல் பொருளை வெட்டிப் பக்குவப்படுத்தி ரத்தத்தில் விடுகிறது. அந்தத் தகவல் மூளையின் ஹைப்போதலாமஸுக்கு எட்டும்போது அங்கே ப்ரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரந்து உடம்பின் வெப்ப அளவுகோலை மேலே ஏற்றுகிறது. 98.6 டிகிரி போதும் என்றிருந்த உடம்பு 102 வேண்டும் என்கிறது. குளிர் நடுக்கம் எடுப்பது அதனால்தான். புதிய அளவை எட்டத் தசைகளை ஆட்டிச் சூடு உண்டாக்குகிறோம்.

பாராசிட்டமால் இதில் என்ன செய்கிறது? ப்ரோஸ்டாகிளாண்டினைக் குறைக்கிறது, அவ்வளவுதான். சூடு இறங்கும், வலி குறையும், படுத்துத் தூங்கலாம். தாராளமாகப் போடுங்கள், அளவு மீறாமல். ஆனால் கிருமி இருந்த இடத்திலேயே இருக்கும். லைனில் சிவப்பு விளக்கு எரிந்தால் பழுதைப் பார்ப்பீர்களா, பல்பைக் கழற்றுவீர்களா? உறையில் இருக்கும் ஆன்டிபயாடிக்கோ, வைரஸ் காய்ச்சலில் அந்த விளக்கைக்கூடத் தொடாது. வைரஸின் மேல் அதற்கு எந்த வேலையும் இல்லை.

"காய்ச்சல், வீக்கம் என்றாலே கிருமிதான்"

அதுவும் இல்லை. என்எல்ஆர்பி3 ஒவ்வொரு கிருமியின் முகத்தையும் மனப்பாடம் செய்து வைத்திருக்கவில்லை. செல்லுக்குள் நடக்கும் கலவரத்தைத்தான் அது மோப்பம் பிடிக்கிறது. அதே 2006-இல் சுவிட்சர்லாந்தில் யுர்க் சோப்பின் குழு, கவுட் என்னும் மூட்டு நோயில் படியும் யூரிக் அமிலப் படிகங்களும் இதே காவலாளியை எழுப்புவதைக் காட்டியது. கிருமியே இல்லாமல் கட்டைவிரல் வீங்கிச் சிவந்து துடிப்பது அதனால்தான்.

நம் பகுதிக்கு இதைவிட முக்கியமான செய்தி 2008-இல் வந்தது. சிலிக்கா தூளும் கல்நார் இழையும்கூட இந்தக் காவலாளியை எழுப்புகின்றன. நுரையீரலின் துப்புரவுச் செல் சிலிக்கா துகளை விழுங்கும், ஜீரணிக்க முடியாது, உள்ளேயே கிழிபட்டு அபாய மணி அடிக்கும். செல் செத்தபின் அதே துகளை அடுத்த செல் விழுங்கும். மணி ஓயாது. வருடக்கணக்கில் அடித்த மணியின் தழும்புதான் சிலிகோசிஸ். அப்படித் தழும்பேறிய நுரையீரலில் காசநோய் எளிதாகக் குடியேறும். மணல் வார்ப்படத்தில், சாண்ட் பிளாஸ்டிங்கில், காஞ்சிபுரம் மாவட்டத்துக் கல் குவாரிகளிலும் கிரஷர்களிலும் நிற்பவர்களுக்குத் துணி மாஸ்க் போதவே போதாது. நுண்துகளை வடிகட்டும் மாஸ்க்கும், தூள் பறக்காமல் தண்ணீர் தெளிப்பதும் முதலாளி செய்து தர வேண்டிய ஏற்பாடுகள். அவற்றைச் சலுகைபோலக் கேட்கத் தேவையில்லை.

"கையில் பிசிஜி தழும்பு இருக்கிறது, டிபி வராது"

விடுதி அறைகளில் இதை நிறையப் பேர் நம்புகிறார்கள். இதைப் பொய் என்று நிரூபித்த ஆய்வு நடந்ததே நம் மண்ணில்தான். ஸ்ரீபெரும்புதூர் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தில் 1968-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து பிசிஜி சோதனையைத் தொடங்கியது. சுமார் 2,60,000 பேர் பங்கேற்றார்கள். சிலருக்குத் தடுப்பூசி, சிலருக்கு வெறும் திரவம். யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. ஏழரை ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது இரண்டு பிரிவிலும் நுரையீரல் காசநோய் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த முடிவும், பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்றுதான் வந்தது. அப்படியென்றால் குழந்தைக்கு ஏன் போடுகிறோம்? காசநோய் மூளைக்காய்ச்சலாகவும் உடம்பெங்கும் பரவும் நோயாகவும் மாறாமல் கைக்குழந்தைகளை அது காக்கிறது. அதற்காகவே போட வேண்டும். ஆனால் இருபது வயதில் அந்தத் தழும்பை நம்பி இருமலைக் கவனிக்காமல் விடக்கூடாது.

கிருமியைக் கண்டறியும் கதையில் காசநோய்க் கிருமிக்கு இன்னொரு இடமும் உண்டு. ஆய்வகங்களில் தூய புரதத்தை மட்டும் ஊசியாகப் போட்டால் விலங்கின் உடம்பு கண்டுகொள்ளாது. எண்ணெயில் கலந்த, செத்த காசநோய்க் கிருமித் துண்டுகளைச் சேர்த்தால் உடனே கிளர்ந்தெழும். ஏன் என்று யாரும் கேட்காமலே பல ஆண்டுகள் அதைப் பயன்படுத்திவந்தார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஜேன்வே 1989-இல் கேட்டார். கிருமிகளுக்கே உரிய பொதுவான வடிவங்களைப் பிறவியிலேயே அறியும் ஏற்பிகள் நமக்கு இருக்க வேண்டும் என்று ஊகித்தார். 1996-இல் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழு பழ ஈயில் டோல் என்ற மரபணு பூஞ்சையை எதிர்ப்பதைக் கண்டது. 1997-இல் ருஸ்லான் மெட்ஷிடோவும் ஜேன்வேயும் மனிதரில் அதன் உறவுப் புரதத்தைக் கண்டார்கள். 1998-இல் புரூஸ் பாய்ட்லர் அது எந்த பாக்டீரியாப் பொருளை உணர்கிறது என்று காட்டினார். ஹாஃப்மனுக்கும் பாய்ட்லருக்கும் 2011-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஜேன்வே 2003-லேயே இறந்துவிட்டார். ஒருமுறை வந்து பழகிய கிருமியைத்தான் உடம்புக்குத் தெரியும் என்ற எண்ணமும் இந்தக் கண்டுபிடிப்புகளோடு போயிற்று.

"எதிர்ப்பு சக்தி எவ்வளவு கூடுதோ அவ்வளவு நல்லது"

கோவிட் காலத்தில் இந்த ஒரு வாக்கியத்தை வைத்து எத்தனை டப்பாக்கள் விற்றார்கள்! 2021 மே மாதம் நினைவிருக்கும். தொற்றுக்கு அஞ்சித் தொழிலாளர்கள் குரல் எழுப்ப, ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் கார் ஆலைகள் சில நாட்கள் மூடப்பட்டன. அன்று ஆக்சிஜன் கட்டிலில் கிடந்த பலரின் உடம்பில் எதிர்ப்பு குறைவாக இல்லை, கட்டுமீறிப் போயிருந்தது. அதே ஆண்டு ஜனவரியில் கன்னெகண்டியின் குழு 'செல்' இதழில் இதற்கு ஒரு காரணம் சொன்னது. உடம்பு சுரக்கும் பல தகவல் பொருள்களில் டிஎன்எஃப், இன்டர்ஃபெரான்-காமா என்ற இரண்டும் ஒன்றுசேரும்போது செல்கள் கூட்டம் கூட்டமாகத் தற்கொலை செய்துகொள்கின்றன. மூன்று வகைச் செல் மரணங்கள் பின்னிப் பிணைந்த அதற்குப் பான்ஆப்டோசிஸ் என்று அவர் பெயர் வைத்திருந்தார். கிருமி குடியேறிய செல் தன்னை மாய்த்துக்கொண்டு ஊரைக் காப்பது நல்லதுதான். அது அளவு மீறினால் ஊரே எரியும். அந்த இரண்டு பொருள்களையும் தடுத்தபோது, தொற்றுக்கு ஆளான எலிகளில் பல பிழைத்தன.

ஸ்டீராய்டைப் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். 2020-இல் பிரிட்டனில் நடந்த 'ரெகவரி' ஆய்வில் டெக்சாமெதாசோன் என்ற ஸ்டீராய்டு, வென்டிலேட்டரில் இருந்த கோவிட் நோயாளிகளின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதே மருந்தால் பலன் இல்லை. கெடுதல் நேரலாம் என்ற அறிகுறிதான் தெரிந்தது. மாத்திரை ஒன்றுதான், வேளைதான் வேறு. அந்த வேளை எது என்று கடை உறைக்குத் தெரியாது.

உடம்புக்கு உண்மையிலேயே வலு சேர்ப்பது தூக்கம். 2015-இல் 164 பேரின் மூக்கில் சளி வைரஸை விட்டுப் பார்த்த ஆய்வில், ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு, ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட நாலு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. இரவு ஷிப்ட் முடித்து வந்து, ஆறேழு பேர் இருக்கும் அறையில் பகல் வெளிச்சத்தில் புரள்பவர்களுக்கு டப்பா மருந்தைவிட ஒரு கனத்த ஜன்னல் திரை உதவும்.

"காய்ச்சல் விட்டாச்சு, இனி பயமில்லை"

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு இந்த நம்பிக்கைதான் ஆளைக் கொல்கிறது. டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான், மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், தொடங்குகிறது. ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும். வயிற்றில் கடும் வலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிட்டுப் போவது, தலை சுற்றி மயக்கம் வருவது: இதில் ஒன்று இருந்தாலும் அன்று டூட்டிக்குப் போகாதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். டெங்கு என்ற சந்தேகம் இருக்கும்வரை புரூஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் வேண்டாம். ரத்தக் கசிவைக் கூட்டும். உறைக்குள் வலிக்காகப் போடும் மாத்திரை பெரும்பாலும் இவற்றில் ஒன்று.

"லீவு போட்டால் சம்பளம் போய்விடும்"

இது பாதிதான் உண்மை. உங்கள் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. என்று 0.75 சதவீதம் பிடித்தம் இருக்கிறதா பாருங்கள். காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் அது பொருந்தும். ஆறு மாதக் காலத்தில் 78 நாட்களுக்கு அந்தப் பணம் கட்டப்பட்டிருந்தால், இ.எஸ்.ஐ. மருத்துவர் தரும் சான்றிதழின்பேரில் நோய் விடுப்புக்குச் சராசரி தினக்கூலியில் 70 சதவீதம் கிடைக்கும், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை. காசநோய் என்றால், இரண்டு ஆண்டுப் பணிக்காலம் உள்ளவர்களுக்கு 80 சதவீதம், இரண்டு ஆண்டுகள் வரை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.